பின்னிணைப்பு மூன்று

ஜூன் 2, செவ்வாய்

இல்லை, எண்ணிக்கை முதலில் வருவதில்லை. சுவர்தான் முதலில். ஆனால் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். இன்று ஆலையின் நிர்வாக அதிகாரி கோதண்டராமன், நான் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டார்.

"எத்தனை பெட்டி மேடம்? முப்பதா, நாப்பதா? ரவுண்டா சொல்லுங்க."

"நடந்து பாக்கணும் சார்."

"அதான் பிளான் குடுத்தோமே."

"பிளான்ல சுவர் வெறும் கோடு சார். எதுல கட்டினதுன்னு இருக்காது."

சிரித்தார். என்னை அனுப்பிய நிறுவனத்தின் மீது இரக்கம் கொண்டவரைப் போல.

நூற்பாலையின் பெண்கள் விடுதி. திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம். மூன்று தளம், நாற்பத்தெட்டு அறை, அறைக்கு எட்டுப் பேர். ஆகஸ்டில் வெளிநாட்டு வாங்குபவர்களின் தணிக்கை வருகிறது. அதற்குள் தொழிலாளர்களுக்கு வைஃபை இருக்க வேண்டும். அதைத் தரும் பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், எத்தனை, எங்கெங்கே என்று சொல்வது என் வேலை.

சென்ற முறை ஒரு கல்லூரி நூலகம். ஒரு சுவரைச் செங்கல் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே கான்கிரீட். ஒன்பது பெட்டிகளைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டினார்கள். மேலாளர் சந்தானம் சார் கோவையிலிருந்து கூப்பிட்டார். திட்டவில்லை. "அடுத்ததுல பாத்துக்கலாம்மா" என்றார். அடுத்தது இதுதான். தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது.

இந்த முறை ஒன்றையும் விடப்போவதில்லை.

ஜூன் 3, புதன்

ஒரு பெட்டியை உயரமான தாங்கியில் கட்டி நிறுத்துவது. கையில் டேப்லட்டுடன் அறை அறையாக நடப்பது. நின்று, பதிந்து, நகர்வது. தாங்கியை நகர்த்தி மறுபடியும் முதலிலிருந்து.

சாவிக்கொத்துடன் வார்டன் ஜெயசீலி கூடவே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் குரலைத் தாழ்த்தினார். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குகிறார்கள். எட்டுப் பாய், எட்டுத் தகரப் பெட்டி. தகரம் சிக்னலைத் தின்னும். அதையும் குறித்தேன்.

போன் யாரிடமும் இல்லை. வார்டன் அறை அலமாரியில் எண் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முதல் ஐந்து வரை.

"நாப்பதுன்னு காட்டுது, எண்பதுன்னு காட்டுது. எண்பதுதான மேடம் நல்லது? மார்க்கு மாதிரி?" என்று வார்டன் கேட்டார். புதியவர்கள் எல்லோரும் இப்படித்தான் படிப்பார்கள்.

"முன்னாடி மைனஸ் இருக்கு பாருங்க. மைனஸ் நாப்பதுன்னா பக்கத்துல இருக்கோம். எண்பதுன்னா தூரமாப் போயிட்டோம்."

"ஓ, டிவியில காஷ்மீர் குளிரு சொல்லுற கணக்கு."

"அதேதான்."

அவருக்குப் பெருமையாகிவிட்டது. அடுத்த மூன்று அறைகளில் எண்ணை எனக்கு முன்னால் அவரே படித்து, "இது தூரம்", "இது கிட்டக்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் தளம், பதினேழாம் எண் அறை. கிழக்கு மூலை. ஒருத்தி விழித்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கலாம். தலைமுடியில் இன்னும் பஞ்சு. வார்டன் அடுத்த அறையைத் திறக்கப் போன நேரத்தில் கேட்டாள்.

"ஏக்கா, இது எங்கள புடிக்க மெஷினா?"

"இல்லம்மா. சுவரு எவ்வளவு கனம்னு பாக்குறது."

"சுவரப் பாத்து என்ன செய்யப் போறாவ? அது எங்கயும் ஓடாதே."

சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு. தலையணைக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம். குரூப் ஃபோர் வழிகாட்டி.

ஜூன் 4, வியாழன்

கருவி என் பெட்டியை மட்டும் கேட்பதில்லை. அந்த இடத்தில் எது ஒலிபரப்பினாலும் பதிகிறது. நெடுஞ்சாலை ஓட்டல், லாரி பட்டறை, அதிகாரியின் அறை. இன்றுவரை பதினொன்று. அதில் ஒன்று ஒரு போனின் ஹாட்ஸ்பாட். பெயர்: வி.ஏ.ஓ. பேச்சி.

தனியாகச் சிரித்தேன். கிராம நிர்வாக அலுவலர் பேச்சி. இன்னும் தேர்வே எழுதாத ஒருத்தி தன் பதவியைக் காற்றில் அறிவித்துக்கொண்டிருக்கிறாள்.

எண் குறைந்துகொண்டே போன திசையில் நடந்தேன். தேட வேண்டும் என்று இல்லை. கால் போயிற்று. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். மாலை நாலே கால். ஐந்து பேர். நடுவில் ஒரு போன், மற்ற மூன்று சின்ன போன்களுக்கு அதிலிருந்து இணைப்பு. பதினேழாம் எண் அறைக்காரிதான் பேச்சியம்மாள். ஐந்து பேரும் அசையவில்லை.

"நான் தொட்டியப் பாக்க வந்தேன்" என்றேன்.

"தொட்டியப் பாத்தாச்சுன்னா இந்தக் கணக்கையும் பாருங்கக்கா. மூணு மணி ஒண்ணா அடிக்கி, பொறவு எப்ப ஒண்ணா அடிக்கும்?"

மீச்சிறு பொது மடங்கு. உட்கார்ந்து போட்டுக் காட்டினேன். ஒருத்தி காவலுக்குப் படியில் போய் நின்றாள்.

"பதினாலாந் தேதி பரீச்சை. அது முடிஞ்சா நானே கொண்டு போயி வார்டன் கையில குடுத்துருவேன். அதுக்கு முன்ன மாட்டுனா வீட்டுக்குப் பத்தி விட்டுருவாவ. அங்க மாமன் தாலியோட நிக்காரு."

"நல்ல மாமனா?"

"நல்ல மாமன்தான். அதான் பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லக் காரணம் இல்ல பாருங்க."

ஹால் டிக்கெட்டை அச்செடுக்க இடமில்லை என்றாள். அந்த ஹாட்ஸ்பாட் வழியாகவே கோப்பை என் போனில் வாங்கிக்கொண்டேன். அச்செடுத்துத் தருவதாகச் சொன்னேன்.

"யாருட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன்."

ஜூன் 5, வெள்ளி

அறிக்கை முடிந்தது. இருபத்தாறு பெட்டி போதும். தாழ்வாரத்தில் அல்ல, ஒன்றுவிட்டு ஒன்றாக அறைகளுக்குள், கூரையின் நடுவில். ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எழுதியிருக்கிறேன். சமையலறைக்கு ஒன்று, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒன்று. மொட்டைமாடிக்கு இல்லை.

பின்னிணைப்பு ஒன்று, சுவர்கள். இரண்டு, தகரப் பெட்டிகள். மூன்று, இடைஞ்சல் சிக்னல்கள், அதாவது ஏற்கெனவே ஒலிபரப்புபவை: பெயர், இடம், நேரம், வலிமை. நிறுவன விதி. பதினொரு வரி.

மொத்தம் ஐம்பத்தெட்டுப் பக்கம். நாலே முக்காலுக்கு அனுப்பினேன். சந்தானம் சார் கட்டைவிரல் அனுப்பினார்.

ஜூன் 6, சனி

ஹால் டிக்கெட் அச்செடுத்தேன், இரண்டு பிரதி. படத்தில் பேச்சி யாரையோ முறைக்கிறாள். மாலையில் துணி துவைத்தேன். நான் தங்கியிருக்கும் நாகல்நகரில் தண்ணீர் அரை மணி நேரம்தான் வந்தது.

ஜூன் 8, திங்கள்

கோதண்டராமன் அழைத்தார். அறிக்கை மிகவும் விவரமாக இருக்கிறதாம். பின்னிணைப்பு வரைக்கும் படித்தாராம்.

"இருபத்தாறு வேண்டாம் மேடம். நாப்பத்திநாலு போடுங்க."

"அவ்வளவு தேவையில்ல சார். ஒண்ணோட சிக்னல்ல இன்னொண்ணு மோதும்."

"மோதட்டும். நடுவுல வைக்காதீங்க. மூலைகள்ல, வெளிச்சுவர் ஓரமா வைங்க. மொட்டைமாடியைப் பூட்டியாச்சு, அங்க ஒண்ணும் வேண்டாம்."

ஏன் பூட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

செய்தித்தாளின் ஓரத்தில் விடுதியை வரைந்தேன். நாலு மூலை. மூலைக்கு ஒரு வட்டம். ஒரு போனுக்கு இணைப்புத் தர ஒரு பெட்டி போதும். அந்தப் போன் எந்த அறையில், எந்தப் பாயில் இருக்கிறது என்று அறிய மூன்று பெட்டிகள் அதைச் சுற்றி நின்று கேட்க வேண்டும். அதற்குத்தான் ஓரங்களில் வைப்பார்கள். இருபத்தாறு என்பது அந்தப் பெண்களுக்கு. நாற்பத்திநாலு என்பது அவர்களைப் பார்ப்பதற்கு.

இரவுச் சாப்பாடு தயிர்சாதம். பாதியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

மறுபடியும் அழைத்தார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

"எட்டாவது வரி மேடம். வி.ஏ.ஓ. பேச்சி."

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"எங்க விடுதியில பேச்சி ஏழு பேர் இருக்கு. பேச்சியம்மாள், பேச்சித்தாய், பேச்சிமுத்து, இப்படி. எல்லாம் தெக்கத்திப் பிள்ளைங்க. யாருன்னு கேட்டா சொல்லுவாங்களா? தகரப் பெட்டியெல்லாம் கிளறினா நாளைக்கு ஆடிட்டர்கிட்ட அழுவாங்க. வியாழக்கிழமை நாலே காலுக்கு உங்க மெஷினோட வாங்க. அந்த நேரந்தான நீங்க குறிச்சது? சத்தமில்லாம எடுத்துடலாம்."

"எடுத்தா?"

"அன்னைக்கே பஸ் ஏத்திடுவோம். கிடைக்கலைன்னா ஏழு பேரையும் ஏத்த வேண்டியதுதான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். எட்டாவது வரியில் நான் நிறுத்தினேன். கை விசைப்பலகை மேல் இருந்தது. தேநீர் ஆறியது. அழித்தால் பத்து வரி. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் பெயரில்லாமல் நிற்கும், சந்தானம் சார் கேட்பார், மறுபடியும் நூலகம் என்பார். பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலிமைக்கு நேராக மைனஸ் முப்பத்தாறு என்று அடித்தேன். இடத்துக்கு நேராக, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் என்று.

பின்புறம் என்ற சொல் தேவையே இல்லை.

ஜூன் 10, புதன்

காலை, சந்தானம் சார்.

"ஏம்மா தமயந்தி, நாளைக்குப் போறதானே? கிளையன்ட் கேக்குறாரு."

"சார், அது நம்ம வேலை இல்ல."

"இடைஞ்சல் பண்ற சிக்னலை எடுக்கிறது நம்ம வேலைதான். உன் பின்னிணைப்புலயே அப்படித்தான் தலைப்பு போட்டிருக்க. நாப்பத்திநாலு பெட்டிம்மா. இதுல ஒண்ணும் கோளாறு பண்ணிப்போடாத."

பதினொரு மணிக்கு விடுதியின் எண்ணுக்கு அழைத்தேன். வார்டன் எடுத்தார். "யாருங்க? யாருங்க?" என்றார். பேச்சியைக் கூப்பிடுங்கள் என்றால் எந்தப் பேச்சி என்பார். நான் சொல்லும் பேச்சிதான் அவர்கள் தேடுகிற பேச்சியாகிவிடுவாள். வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி. வைத்துவிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

நாலு மணிக்கு வாசலில் இறங்கினேன். கோப்புறையில் தளப்படங்கள். தளப்படங்களுக்கு நடுவே பேச்சியின் ஹால் டிக்கெட். எப்படியாவது கையில் சேர்த்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

நாலே காலுக்கு மணி அடித்தார்கள். எல்லோரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவேண்டும். தூக்கத்தில் எழுந்த முகங்கள். ஏழு பேச்சிகளையும் தனியாகச் சுவரோரம் நிறுத்தினார்கள். பேச்சியம்மாள் மூன்றாவதாக நின்றாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தாள். மறுபடி என்னை. அதன் பிறகு தரையை.

கோதண்டராமன் கை நீட்டினார்.

"ஃபைலைக் குடுங்க மேடம். நீங்க மெஷினைப் பிடிங்க."

மரியாதையாகத்தான். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திரையில் அந்தப் பெயர் இருந்தது. மாடி பூட்டியதால் அறைக்குள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மணி அடித்ததும் அப்படியே ஒளித்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். நிறுத்த நேரமில்லை. கீழே கூடத்தில் அறுபத்தாறு. மேலே ஏறினோம். முன்னால் நான், பக்கத்தில் அவர், பின்னால் சாவிக்கொத்து.

முதலில் மொட்டைமாடியைத் திறந்தார். திரையில் ஐம்பத்தொன்று. தொட்டியைச் சுற்றினார், அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. கோப்புறையால் விசிறிக்கொண்டார். ஒரு தளப்படத்தின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அடுத்த தாள் வெள்ளை. அதன் மூலையும் வந்தது.

இரண்டாம் தளத்துக்கு இறங்கினோம். நாற்பத்தைந்து. பதினேழாம் எண் அறை வாசலில் முப்பத்தெட்டு. கதவு திறந்திருந்தது. ஜன்னல் பக்கத்துப் பாயில் தலையணை சற்று உயர்ந்து தெரிந்தது. எனக்கு அப்படித் தெரிந்ததா, அப்படியே இருந்ததா.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டு."

"மேல எவ்வளவு இருந்துச்சு?"

"அம்பத்தொண்ணு."

"அப்ப குறைஞ்சில்ல போச்சு. எண்ணு ஏற ஏறக் கிட்டப் போறோம். அப்படித்தான மேடம்?"

பின்னால் சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

நான் "ம்" என்றேன். ஒரே ஓர் எழுத்து. அதைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. தானே தாழ்வாரத்தில் திரும்பி நடந்தார்.

வார்டன் வாயைத் திறந்தால் முடிந்தது. அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இதே தாழ்வாரத்தில். காஷ்மீர் குளிர். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. முதுகால் கேட்டுக்கொண்டு நடந்தேன்.

ஐம்பத்தெட்டு. "ஆங்." படிகள். அறுபத்தேழு. "வருது, வருது." சமையலறையைத் தாண்டினோம். எழுபத்திரண்டு. துணி காயும் கம்பிகளுக்கு அடியில் குனிந்து போனார், கக்கத்தில் கோப்புறையுடன். எழுபத்தொன்பது. ஜெனரேட்டர் கொட்டகை. எண்பத்துமூன்று. மதில். எண்பத்தேழு.

"எண்பத்தேழு!" என்றார். மூச்சு வாங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் லாரி பட்டறை. யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் மெல்ல மாறியது.

"வெளியில இருந்தா வருது?"

"இங்கதான் அதிகமா காட்டுது, சார்."

இதில் பொய் எது என்று தேடிப் பார்க்கிறேன். எண் அதிகம்தான்.

"அப்ப பட்டறைக்காரனா? பேச்சின்னு பேர் வச்சுக்கிட்டு? இவளுங்களப் பாக்க மதில் ஏறுவான் போல." அவருக்கு அது பிடித்திருந்தது. தவறு வெளியே இருந்தது. "மதிலை ஒசத்தணும் வார்டன்."

"ஒசத்திருவோம் சார்" என்றார் வார்டன். முதல் முறையாக வாய் திறந்து.

கூடத்துக்குத் திரும்பி, போகலாம் என்று ஏழு பேருக்கும் கை காட்டினார். கோப்புறையை என்னிடம் கொடுத்தார். நான் வாங்கும்போதே டேப்லட் உறைக்குள் திணித்தேன். கூடத்தில் அவர் நின்றுகொண்டே இருந்தார். பேச்சி என்னைக் கடந்து போனாள். ஒரு முழ தூரம். கொடுக்க முடியவில்லை. அவள் நிற்கவும் இல்லை.

வாசல்வரை வந்த வார்டன், கேட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்ல மெஷின் மேடம். ஆனா ரெண்டாம் தடவை கொண்டு வராதீங்க."

ஜூன் 12, வெள்ளி

கருவியில் பதிவான கோப்பை அனுப்பச் சொல்லி சந்தானம் சார். வெளியிலிருந்து வந்ததாக அதிகாரி சொன்னாராம். "நீ எழுதினது தொட்டிக்குப் பின்னாடி. எதும்மா சரி?" அவர் எண்களைச் சரியாகப் படிப்பவர். கோப்பைத் திறந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். முப்பத்தெட்டு. பதினேழாம் எண் அறை.

எட்டாவது வரி என் தவறு, எதிரொலியைத் தவறாகப் படித்துவிட்டேன் என்றேன்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"நூலகத்துல சுவர். இங்க எதிரொலி. சரிம்மா. கோப்பு திங்கட்கிழமைக்குள்ள வரணும். நாப்பத்திநாலும் நீ வரைஞ்சு அனுப்பு."

வரைய மாட்டேன் என்றேன். இருபத்தாறுக்குத்தான் என் கையெழுத்து. அப்படியானால் வேறு யாராவது வரைவார்கள் என்றார். கோபமே இல்லை. வரைவார்கள்தான். ஆகஸ்டுக்குள் மூலைகளில் மாட்டிவிடுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

ஜூன் 13, சனி

பால் திரிந்துவிட்டது. ஹால் டிக்கெட்டை மடிக்காமல் பாடப்புத்தகம் ஒன்றுக்குள் வைத்தேன். தேர்வு மையத்தின் பெயரை நாலு முறை படித்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஏழரைக்கே பள்ளி வாசலில் நின்றேன். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு மணி. எட்டே கால். கூட்டம். கைக்குழந்தையுடன் ஒருத்தி, வெள்ளைச் சட்டையில் தலை நரைத்த ஒருவர். எட்டரை. அவள் அச்சு இல்லாமல் வருவாளா, வராமலே இருப்பாளா. எட்டே முக்காலுக்கு எதிர்ப்பக்கம் பேருந்திலிருந்து குதித்தாள். சாலையில் இருபுறமும் பார்க்காமல் ஓடி, விண்ணப்ப எண் எழுதிய சீட்டுடன் ஒரு ஜெராக்ஸ் கடையின் மூடிய ஷட்டரைத் தட்டினாள்.

"பேச்சி."

திரும்பினாள். கையிலிருந்த தாளை நீட்டினேன். உடனே வாங்கவில்லை.

"நீங்கதான?"

"ஆமா."

"சொல்ல மாட்டேன்னு சொன்னிய."

"சொல்லல. எழுதினேன்."

அதைக் கொஞ்சம் யோசித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"மத்த ஆறு பேரும் அன்னைக்கு சாப்பிடல. சின்னப் பேச்சிக்குக் காய்ச்சலே வந்துட்டு. அது உங்களுக்குத் தெரியணும்."

"சரி."

"போன வார்டன்ட்ட குடுத்துட்டேன். வெளிய போக பாசு கேட்டேன். காரணம்ங்கிற இடத்துல கோயில்னு அவங்களே எழுதுனாவ. அவங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, பாத்துக்கிடுங்க."

சிரிப்பு வரப் பார்த்தது. இருவருக்கும். வரவில்லை. தாளை வாங்கி, படத்தையும் எண்ணையும் சரிபார்த்தாள்.

"கறுப்பு மைப் பேனா இருக்கா? எங்கிட்ட உள்ளது திக்குது."

கொடுத்தேன். உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். போய்விட்டாள். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது கேட் சாத்தினார்கள். அவள் உள்ளே இருந்தாள்.

அறைக்குத் திரும்பினேன். வியாழக்கிழமைக் கோப்பை அழித்தேன். என் கவனக்குறைவால் அழிந்துவிட்டது என்று சந்தானம் சாருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு பென்சிலைச் சீவி, இதை எழுதினேன்.